வாயில வராத பெயர்ச்சொல்

ஜூன் 11, 1979. திங்கள்

மழை. நாலு நாளா விடல. புள்ளைங்க துணி ஒண்ணும் காயல. அடுப்புக்கு மேல கயிறு கட்டித் தொங்கப் போட்டிருக்கேன். பொகை நாத்தம் புடிக்கும், புடிக்கட்டும்.

இப்ப பகல் நேரம். தொட்டில் எல்லாம் தூங்குது. பெரிய ஆயா வாசல்ல ஒக்காந்து வெத்தல இடிக்கிறாங்க. எழுத இத விட்டா எனக்கு நேரம் ஏது.

காலையில டிஸ்பென்சர் ஐயா வந்தாரு. பெரிய ஆயா இந்த மாசத்தோட வேலய விட்டு நிக்கிறாங்க. அவங்க எடத்துக்கு, கொழுந்து பறிக்கப் போற தாய்மாரு புள்ளைங்கள விட்டுட்டுப் போற இந்தப் புள்ளக் காம்பராவப் பொறுப்பா பாக்க, கொஞ்சம் படிச்ச ஆள் வேணுமாம். அடுத்த புதன் ஆபீஸ்ல கேள்வி கேப்பாங்க. கண்டியிலேர்ந்து ஒரு அம்மா வராங்க, தோட்டத்துத் தொரயும் இருப்பாரு. இங்கிலீஷ்ல கொஞ்சம் கேப்பாங்களாம். பால்மா பெட்டியில, மருந்து போத்தல்ல எல்லாம் இங்கிலீஷ்தானே.

கெடைச்சா நுவரெலியாவுல பயிற்சி, அப்புறம் காம்பரா என் பொறுப்பு. கெடைக்கலன்னா வெளியிலேர்ந்து யாரோ வருவாங்க. நான் பழையபடி கொழுந்துக்கு. அட்டையும் கூடையும் ஈரச் சாக்கும். அதுகூட போவுது. இந்த மூக்கொழுகிப் பயலுவள வேற ஒருத்தி கையில குடுக்க மனசு வரல, அதான் நெசம்.

சுமதி அப்பாகிட்ட சொன்னேன். "போயி கேளு"ன்னாரு. அவ்வளவுதான். அவரு வாயிலேர்ந்து ரெண்டு வார்த்த வந்தா அது அதிகம்.

(இனிமே சு.அ.ன்னு எழுதப்போறேன். முழுசா எழுதி கை வலிக்குது.)

ஜூன் 12, செவ்வாய்

எங்க லய வரிசையில பக்கத்து வீட்டு பிலோமினாதான் எனக்கு டீச்சர். ஹட்டன்ல சிஸ்டர்மாருகிட்ட எட்டு வரைக்கும் படிச்சவ. அவளே இந்த வேலய கேட்டிருப்பா, ஆனா வயித்துல மூணாவது. அவ பழைய கிராமர் புஸ்தகத்த மண்ணெண்ண வாடையோட எடுத்துட்டு வந்தா. நவுன்லேர்ந்து ஆரம்பின்னா. பெயர்ச்சொல். பேர் இல்லாம எதையும் கேக்க முடியாது, சொல்ல முடியாதுன்னா. சரிதான்.

நேத்து சாயங்காலம் படிச்சது:
கொமன் நவுன் — பொதுப்பேர். ஆம்பள, பொம்பள, புள்ள, தொட்டில், மல.
புரொப்பர் நவுன் — தனிப்பேர். ஒரே ஆளுக்கு, ஒரே ஊருக்கு. சுமதி. தலவாக்கல. பெரிய எழுத்துல தொடங்கணும்.
கலெக்டிவ் நவுன் — கூட்டத்துக்கு ஒரு பேர். புஸ்தகத்துல ஆட்டுமந்த, மீன்கூட்டம். இங்க யாரு மீன்கூட்டத்தக் கண்டா. கொழுந்துக்காரங்க கேங்னு சொல்லிக்கிட்டேன். தொட்டில் நெறைய அழுவுற புள்ளைங்களுக்கு என்ன பேருன்னு கேட்டேன். "தலவலி"ன்னா பிலோமினா.

கீழ லயத்து ராக்காயி எட்டிப் பாத்துட்டு, என்ன படிக்கிறீங்கன்னு கேட்டுச்சு. பேரப் பத்தின்னேன். "பேரா? அது காலையில பெரட்டுல கணக்கப்புள்ள வாசிக்கிறதுதானே, அதுக்கு என்னாத்துக்குப் புஸ்தகம்?"னுட்டு போயிருச்சு.

அதுவும் சரிதான். தெனம் விடியக்காலம் பெரட்டுக் களத்துல எல்லாரையும் நிக்க வச்சி பேர் வாசிப்பாங்க. ஆளாளுக்கு "இருக்கேங்க"ன்னு சொல்லணும். சு.அ. சொல்றது மட்டும் காம்பரா வரைக்கும் கேக்கும். வீட்டுல பேசாத மனுசன், அங்க மட்டும் மல எதிரொலிக்கச் சொல்லுவாரு. புள்ளைங்கள வாங்கிக்கிட்டே நான் காது குடுத்துட்டு நிப்பேன். யாருக்கும் தெரியாது.

வாங்க: சவுக்காரம். சுமதிக்கு இருமல் மருந்து. ஊசி ஒண்ணு.

ஜூன் 14, வியாழன்

மெட்டீரியல் நவுன். எதுல செஞ்சிருக்கோ அந்தப் பொருளோட பேரு. பால், மாவு, தேயில, இரும்பு. புஸ்தகத்துல மொதல்ல இருக்குறது கோல்ட். அத தமிழ்ல நான் சொல்லக்கூடாது. அவரு பேருல முன்பாதி அதுதான். கல்யாணமான நாள்லேர்ந்து மஞ்சச் சாமான்னுதான் சொல்றேன். கோல்ட், கோல்ட், கோல்ட்னு மூணு தடவ சொல்லிப் பாத்தேன். வாய்க்கு ஒண்ணும் ஆவல.

அப்புறம் பிலோமினா தொர மாதிரி கால் மேல கால் போட்டு ஒக்காந்துகிட்டா. பேரென்ன, எத்தன புள்ள, எந்தத் தோட்டம். எல்லாத்துக்கும் இங்கிலீஷ்லயே பதில் சொன்னேன். கொஞ்சம் கெறக்கமாவே இருந்துச்சு, நானா இதுன்னு.

"வாட் இஸ் யுவர் ஹஸ்பண்ட்ஸ் நேம்?"

"சுமதீஸ் ஃபாதர்."

"அது பேர் இல்லடி. ஒறவு. தனிப்பேர் சொல்லு."

சொல்லல. அவ கேட்டுக்கிட்டே இருந்தா. நான் அடுப்புச் சாம்பலக் கிண்டிக்கிட்டே இருந்தேன்.

"செல்வமணி, இத மொதக் கேள்வியா கேப்பாங்க. வாயப் பொத்திக்கிட்டு நின்னா, புருசன் பேருகூட தெரியாத கழுதன்னு நெனச்சிட்டு அடுத்த ஆளக் கூப்புடுவாங்க."

அவளுக்கு என்ன, வேதக்காரி, புருசனயே பேர் சொல்லிக் கூப்புடுறவ. "அந்தோணி, வெறகு எங்க? அந்தோணி, தண்ணி புடிச்சாச்சா?"ன்னு லயம் முழுக்க கேக்கக் கூப்புடுவா. அந்தோணி அண்ணனும் எரும மாதிரி நல்லாத்தான் இருக்காரு.

ஜூன் 15, வெள்ளி

மாமி காதுல விழுந்திருச்சு. சொவத்துக்கு அந்தப் பக்கம் ஒக்காந்து கீர ஆஞ்சிக்கிட்டு இருந்திருக்காங்க.

"பொண்டாட்டி வாயால பேரு வந்தா ஆம்பளைக்கு ஆயுசு கொறையும். எனக்கு ஒரே மவன். ஒன் வேலையும் வேணாம், வெட்டியும் வேணாம்." இவ்வளவுதான் சொன்னாங்க. கத்தல. கத்தியிருந்தா நானும் ரெண்டு வார்த்த பேசியிருப்பேன்.

சின்ன வயசுலேர்ந்து எங்கம்மாவும் சொன்னதுதான். நம்புறேனான்னு கேட்டா, பகல்ல இல்லன்னு சொல்லுவேன். சு.அ. கொஞ்சம் இருமுனா ஆமான்னு சொல்லுவேன்.

அப்ஸ்ட்ராக்ட் நவுன். கண்ணால பாக்க முடியாது, கையால தொட முடியாது, மனசுக்குத்தான் தெரியும். ஃபியர், ஷேம், பேஷன்ஸ். பயம், வெக்கம், பொறும. பிலோமினாவுக்கு இதுதான் கஷ்டமான பாடமாம். எனக்கு இதுதான் லேசா வந்துச்சு. எல்லாம் நம்ம வீட்டுல பொழங்குற சாமான்.

மழை. மேல் மலைக்குப் போற ரோட்டுல கொஞ்சம் மண் இறங்கிருச்சாம்.

ஜூன் 17, ஞாயிறு

பிலோமினா பூசை முடிஞ்சி வந்து ஒரு வழி சொன்னா.

"இங்கிலீஷ்ல சொன்னா கணக்கில்லடி. ஒங்க சாமிக்கு இங்கிலீஷ் வெளங்காது. ஒங்க மாமிக்கும் வெளங்காது."

"பேரு எந்த பாஷையில சொன்னாலும் அதே பேருதானே?"

"ஆமா. ஆனா முன்னாடியும் பின்னாடியும் இங்கிலீஷ் இருக்குல்ல. நடுவுல அது போறது தெரியாது."

சிரிச்சோம். இடுப்பு வலிக்கச் சிரிச்சோம். ரொம்ப நாளாச்சு இப்புடி.

அப்புறம் யாரும் இல்லாதப்ப காம்பராவத் தொறந்து, காலித் தொட்டிலப் பாத்து சொல்லிப் பாத்தேன். மை ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ். அத்தோட நின்னுருச்சு. தொட்டில் மட்டும் காத்துல ஆடுச்சு.

ஜூன் 20, புதன்

கல்யாணத்துச் சேலையக் கட்டிக்கிட்டேன், அதுமேல சு.அ. கோட்டு. மழைக்கு. ஆபீஸ் வாசல்ல கழட்டி மடிச்சி வச்சேன். அதுல பொகையும் பீடி வாடையும். அத மோந்துட்டு உள்ள போனேன்.

எனக்கு முன்னாடி ரெண்டு பேர். ஒருத்தி வட்டவளையிலேர்ந்து, குட இருந்துச்சு, செருப்பு இருந்துச்சு. முடிஞ்சிதுன்னு நெனச்சேன்.

கண்டி அம்மா சிங்களவங்க. கண்ணாடி போட்டு, மொகம் நல்ல மொகம். இந்த ரூம்ல இருக்குறதயெல்லாம் இங்கிலீஷ்ல சொல்லுன்னாங்க. மேச, நாற்காலி, கடிகாரம், ஜன்னல், மழ, தொர. தொரையச் சொன்னப்ப தொர சிரிச்சாரு. பால்மா பெட்டியக் குடுத்து வாசின்னாங்க, வாசிச்சேன். புள்ளைங்களப் பாக்குறவளுக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. மில்க், சோப், ஹாட் வோட்டர், அண்ட் பேஷன்ஸ்னேன். அந்தம்மா தலைய நிமித்தி என்னப் பாத்தாங்க.

அப்புறம் கேட்டாங்க. வாட் இஸ் யுவர் ஹஸ்பண்ட்ஸ் நேம்?

சுமதீஸ் ஃபாதர்னேன். நேம், நேம்னாங்க. தகரத்து மேல மழ கொட்டுது. தொர கடிகாரத்தப் பாக்குறாரு. பியோன் முத்தையா கதவோரம் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறான். எனக்கு மாமி ஆஞ்ச கீர ஞாபகத்துக்கு வருது, பசங்க தொட்டில் ஞாபகத்துக்கு வருது.

சொல்லிட்டேன்.

முன்னாடியும் பின்னாடியும் இங்கிலீஷ் வச்சித்தான் சொன்னேன். ஆனா நடுவுல அது போறது நல்லாவே தெரிஞ்சிது. வெளிய வந்து கோட்டப் போட்டுக்கிட்டு அழுதேன். எதுக்குன்னு தெரியல. பொய் சொல்றேன். அவரு பேரு என் வாயில நல்லா இருந்துச்சு, அதுக்குத்தான்.

ஜூன் 21, வியாழன்

முத்தையா வாய் சும்மா இருக்குமா. காலையில பெரட்டுலயே சொல்லிட்டான். "ஒன் வீட்டுக்காரி தொர முன்னுக்கு ஒன் பேரச் சொல்லி ஏலம் விட்டுச்சு"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்களாம்.

சு.அ. சாயங்காலம் வந்தாரு. கால் கழுவுனாரு. சாப்புட்டாரு. என் பக்கம் பாக்கல. எப்பவும் பேசாத ஆளுதான், ஆனா இது வேற. பேசாததுலயும் தினுசு இருக்கு, கூட வாழ்ந்தவளுக்குத்தான் தெரியும்.

மாமிக்கும் தெரிஞ்சிருச்சு. வெளக்கேத்தி சாமி முன்னால ரொம்ப நேரம் நின்னாங்க.

ஜூன் 22, வெள்ளி

இன்னைக்கும் பேச்சில்ல. கறில உப்பு போட மறந்துட்டேன், அதையும் சொல்லாம தின்னுட்டுப் போனாரு. திட்டியிருந்தா தேவல.

"கோவமா"ன்னு கேட்டேன். "கான் வெட்டப் போவணும்"னாரு. மழத்தண்ணி மலைய அரிக்காம இருக்க கான் வெட்டி விடுறது, அதுதான் இந்த வாரம் அவரு வேல.

சுமதிக்கு இருமல் விட்டுருச்சு. பெரிய ஆயா நூலு வேணும்னாங்க.

ஜூன் 23, சனி

மண் சரிஞ்சிருச்சு.

கான் வெட்டுற எடத்துல. சு.அ. மேல. மத்தவங்க ஓடிட்டாங்க. தோண்டி எடுத்தாங்க. கால் ஒரு பக்கமா. மொகமெல்லாம் மண்ணு. நான் ஓடுறதுக்குள்ள பெரியாஸ்பத்திரிக்குன்னு லொறியில ஏத்திட்டாங்க. கையத்தான் பாத்தேன்.

அந்தோணி அண்ணே கூடப் போயிருக்காரு.

ஜூன் 24, ஞாயிறு

லொறி திரும்பி வந்ததுக்கப்புறம் கீழ ரோட்டுல பெரிய மண்சரிவு. மண்ண அள்ளி நாளைக்கித்தான் பஸ் விடுவாங்களாம். அந்தோணி அண்ணே சொல்றாரு, உள்ள கொண்டு போற வரைக்கும் கண்ணு தொறக்கலன்னு. டிஸ்பென்சர் ஐயா ஆபீஸ் போன்ல கேட்டாரு. இன்னும் நெனவு வரல, இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுன்னாங்களாம். அதுக்கப்புறம் லைனும் அறுந்திருச்சு.

மாமி என் மொகத்தப் பாத்து சொன்னாங்க. "கேட்டுச்சா? போதும் நீ சொன்னது. நாளைக்கி அங்க போனா வாயத் தொறக்காத."

மனசுக்குள்ள ஒரு பேச்சு ஓடிக்கிட்டே இருக்கு. மாமி ஒரு நாளும் மாமா பேரச் சொன்னதில்ல. கோயில்ல அர்ச்சனைக்குக்கூட பக்கத்து ஆளத்தான் சொல்லச் சொல்லுவாங்களாம். மாமா என்ன, நூறு வயசா இருந்தாரு? சு.அ. தவழுறப்பவே காய்ச்சல்ல போயிட்டாரு. இத மாமிகிட்ட கேட்டா அது பாவம். கேக்கமாட்டேன். ஆனா அவங்களும் இத நெனச்சிருப்பாங்க. நெனைக்காம இருக்க முடியுமா.

சாயங்காலம் முத்தையா வந்தான், தலையக் குனிஞ்சிக்கிட்டு. எனக்கு வேல கெடைச்சிருச்சாம். அடுத்த திங்கள் நுவரெலியா போவணுமாம். நல்ல சேதி சொல்ல நல்ல நாளு.

முடிவு பண்ணிட்டேன். வேணாம்னு சொல்லிடப்போறேன். மாமி ஒரு தடவ "எம் மவன் காலக் குடுத்து வாங்குன வேல"ன்னாங்க. அத கேட்டுக்கிட்டு தொட்டில் ஆட்ட முடியாது.

ஜூன் 25, திங்கள்

விடியக்காலம் பெரட்டு சத்தம். காம்பராவ பெரிய ஆயாகிட்ட விட்டுட்டு பஸ்ஸுக்கு எறங்கிக்கிட்டு இருந்தேன். கணக்கப்புள்ள பேர் வாசிக்கிறாரு. பழக்கத்துல சு.அ. பேரையும் வாசிச்சிட்டாரு. ஒரு சத்தமில்ல. அப்புறம் தொண்டையக் கனச்சிட்டு அடுத்த பேருக்குப் போனாரு. நான் ரோட்டோரம் ஒக்காந்துட்டேன். பிலோமினா அவ வயித்தத் தூக்கிக்கிட்டு வந்து என்னத் தூக்கி விட்டா. பஸ் வரைக்கும் வந்தா.

பஸ்ஸுல ஒரே யோசன. ஃபியர், தொட முடியாதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. எழுதுன ஆளு இந்த பஸ்ஸுல வந்திருக்கணும். ஹட்டன் வரைக்கும் அந்த பயம் என் மடியிலதான் ஒக்காந்திருந்துச்சு.

பெரியாஸ்பத்திரி. கூட்டம், மருந்து வாட, சொவத்துல ஈரம். வார்டு வாசல்ல ஒரு சிங்கள அம்மா, வெள்ளச் சட்ட. "நம?"ன்னாங்க. பேரு கேக்குறாங்கன்னு தெரியும். அந்தளவு சிங்களம் எனக்கு வரும்.

நான் சொன்னது: தோட்டத்து ஆளு. கான் வெட்டுறவரு. கால் ஒடிஞ்சது. மண்ணு விழுந்தது. சனிக்கெழம.

காலொடிஞ்ச தோட்டத்து ஆளு உள்ள நெறைய பேர் இருக்காங்கன்னாங்க. மழ நேரம்ல. ஒம் புருசனுக்கு பேர் இல்லையான்னு கேட்டாங்க. பின்னால நின்ன ஆளுங்க தள்ளுறாங்க. ஆம்பள, ஆளு, காலு, மண்ணு, நான் சொன்ன அத்தனையும் பொதுப்பேரு. அந்த வார்டுல கெடக்குற எல்லாருக்கும் பொருந்தும். அவருக்குன்னு இருக்குறது ஒண்ணே ஒண்ணு, அது என் வாய்க்குள்ள கெடக்கு. ஒரு தடவ சொன்னதுக்கே மல எறங்கிருச்சு. இன்னொரு தடவ எப்புடிச் சொல்லுவேன்.

சொல்லல. அந்தம்மாவப் பாத்து கும்புட்டேன். அவங்க என்ன நெனச்சாங்களோ, போயி பாத்துக்கன்னு கையக் காட்டுனாங்க.

ஒவ்வொரு கட்டிலா போனேன். கட்டிலுக்கு நடுவுல பாயிலயும் ஆளுங்க. கட்டுப்போட்ட தல, மூடுன மொகம். ரெண்டு எடத்துல போர்வைய வெலக்கிப் பாத்து வசவுகூட வாங்குனேன். ஒரு கட்டில் காலியா, துணி உருவிக் கெடந்துச்சு. அது யாரோடதுன்னு கேக்க எனக்குத் தைரியமில்ல. அத தாண்டவும் கால் வரல.

ஜன்னலோரம், கடைசிப் பாயில கால் ரெண்டும் மாவுக்கட்டுல கட்டயா வெள்ளையா. மேல மொகம். கண்ணு தொறந்திருக்கு. என்னத்தான் பாத்துக்கிட்டு இருக்காரு. எவ்வளவு நேரமா பாத்தாரோ, பாவி மனுசன், ஒரு சத்தம் குடுத்தா என்ன.

பக்கத்துல ஒக்காந்தேன். நேத்து ராத்திரி நெனவு வந்துச்சாம். எலும்பு ரெண்டு எடத்துல போயிருக்கு, கூடிரும்னு சொன்னாங்களாம். சுமதி சாப்புட்டுச்சான்னு கேட்டாரு. மாமி கொடுத்த திருநீற நெத்தியில வச்சேன். அப்புறம் அழுகையோட எல்லாத்தையும் கொட்டிட்டேன். மாமி சொன்னது, வேல கெடைச்சது, நான் போவப்போறதில்லங்கறது.

கேட்டுக்கிட்டே இருந்தாரு.

"மண்ணு மழையில சரிஞ்சிச்சு. ஒன் வாயிலயா மழ பேஞ்சிச்சு?"

"அப்ப ஏன் ரெண்டு நாளு மொகங்குடுத்துப் பேசல?"

ஜன்னலப் பாத்தாரு. பக்கத்துப் பாயி கெழவரு இருமி முடிக்கிற வரைக்கும் பாத்தாரு. அப்புறம் எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னாரு.

"தொர கேட்டாரு. கண்டி அம்மா கேட்டாங்க. அந்த முத்தையா பயகூட கேட்டான். நாந்தான் இன்னும் கேக்கல."

எனக்கு மொதல்ல வெளங்கல. வெளங்குனப்ப மொகமெல்லாம் சூடாயிருச்சு. கல்யாணமாயி இத்தன வருசத்துல இந்த மனுசன் எங்கிட்ட வாய் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான்.

"பயமா இருக்குங்க."

"இருக்கட்டும். சொல்லு."

முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணும் வைக்கல. குனிஞ்சி, காதுகிட்ட, தமிழ்லயே சொன்னேன்.

தங்கராசு.

கண்ண மூடிக்கிட்டாரு. அப்புறம், ஒடிஞ்ச காலோட, படுத்த வாக்குலயே, வார்டு முழுக்கத் திரும்பிப் பாக்குற மாதிரி, பெரட்டுக் களத்துச் சத்தத்துல சொன்னாரு.

"இருக்கேங்க."